உந்துவிசிறியில் வர்ணம் நிலைக்காதது ஏன்?

வடக்கு, கிழக்குக் கரையோரங்களிலும் மன்னார், கற்பிட்டிப் பகுதிகளிலும் சிறு மீனவர்கள் பயன்படுத்தும் கண்ணாடி இழைப் படகுகளின் பின்புறத்தில் மாட்டப்படும் வெளியிணைப்பு இயந்திரங்களில், புறொப்பலர் எனப்படும் உந்துவிசிறி பெரும்பாலும் அலுமினியக் கலப்புலோகத்தால் வார்க்கப்பட்டதாகும். புதிதாக வாங்கும்போது பளபளக்கும் அவ்விசிறி சில மாதங்களில் விளிம்புகள் வெளுத்து, மாவைப் போன்ற வெள்ளைப் பொருள் பூத்து, ஆங்காங்கே குழி விழத் தொடங்கும். உரியவர் கடைக்குச் சென்று விசிறும் தீந்தைக் குப்பியொன்றை வாங்கிப் பூசுகிறார். நாலைந்து தடவை தொழிலுக்குப் போய் வருவதற்குள் அது பாம்புச் சட்டை கழல்வது போல் உரிந்து விடுகிறது. தீந்தை போலியானது என்று முடிவு செய்யப்படுகின்றது. அடுத்த முறை விலை கூடியது வாங்கப்படுகிறது, அதுவும் உரிகிறது.

2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்த்தப்பட்டபோது கரையோரக் குடும்பங்கள் பட்ட பாட்டை மறந்தவர் இருக்க முடியாது. குழி விழுந்து சொரசொரப்பாகிய விசிறி அதே தூரத்தைக் கடப்பதற்குக் கூடுதல் எரிபொருளைக் குடிக்கும். எனவே விசிறியின் மேற்பரப்பைப் பற்றிய பேச்சை வெறும் அலங்காரப் பேச்சாகக் கருதிவிட முடியாது.

உண்மையில், குறை பெரும்பாலும் தீந்தையில் இல்லை. அதற்கும் உலோகத்துக்கும் இடையில் இருக்கிறது. அலுமினியத்தைச் சுரண்டி வெறுமையாக்கிய கணமே அது காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஒட்சைட்டுப் படலமொன்றை உருவாக்கிக்கொள்கின்றது. இப்படலமே அலுமினியத்தின் கவசமுமாகும். ஆனால் காலம் செல்லச் செல்ல அது ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சி உறுதியற்றதாகி விடுகிறது. அதன் மேல் பூசப்படும் தீந்தை உலோகத்தைப் பற்றுவதில்லை, பழைய படலத்தையே பற்றுகிறது. மணல் மேல் சீமெந்து பூசுவதற்கு ஒப்பான செயல் இது. தொழிற்சாலையில் விசிறியை இரசாயனக் கரைசலில் பதப்படுத்திய பின்னரே பூசி, வெப்பத்தில் இறுக வைக்கிறார்கள். வாடியில் வைத்துப் பூசுகையில் அந்த வசதி இல்லாததால் ஆயத்த வேலையில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

தீந்தையின் மேல் விழும் அடியும் சாதாரணமானதன்று. 250 மில்லிமீற்றர் விட்டமுள்ள விசிறி நிமிடத்துக்கு 2500 தடவை சுழலுமாயின் அதன் அலகு நுனி மணிக்கு ஏறத்தாழ 118 கிலோமீற்றர் வேகத்தில் நீரைக் கிழிக்கின்றது. அவ்வேகத்தில் அலகின் ஒரு புறத்தில் அமுக்கம் குறைந்து நீராவிக் குமிழிகள் தோன்றும். அவை வெடித்து அடங்கும்போது நுண்ணிய சம்மட்டிகள் போல மேற்பரப்பைத் தாக்கும். போதாக்குறைக்கு, ஆழங்குறைந்த களப்புகளிலும் கரைவலைப் பாடுகளை அண்டிய கடலிலும் கலங்கிய மணல் வேறு அரத்தாள் போலத் தேய்க்கிறது. ஆகவே அலகின் முன் விளிம்பில் எந்தத் தீந்தையும் நெடுநாள் நிற்காது. நிற்கும் என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டியதில்லை. அலகின் அடிப்பகுதியிலும் நடுக்குடத்திலும் நிலைத்திருந்தால் அதுவே வெற்றியாகும்.

ஆயத்த வேலையின் ஒழுங்கு மிக முக்கியமானது. முதலில் நன்னீரில் கழுவி உப்பை அகற்ற வேண்டும். அடுத்து, எண்ணெயையும் இயந்திரப் புகைக் கரியையும் தின்னர் நனைத்த சுத்தமான துணியால், துணியை மாற்றி மாற்றித் துடைத்தெடுக்க வேண்டும். அதன் பின்னரே 80 முதல் 120 வரையான இலக்க அரத்தாளால் தேய்க்க வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எண்ணெய் படிந்த நிலையில் தேய்த்தால் அது கீறல்களுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிடும். இரும்புக் கம்பித் தூரிகையையும் பயன்படுத்தலாகாது. அதன் துணுக்குகள் மென்மையான அலுமினியத்தில் பதிந்து அரிப்பைத் தூண்டும். எரிசோடாக் கரைசலோ அலுமினியத்தையே கரைத்துவிடும். தேய்த்து முடிந்ததும் நீரைத் தெளித்துப் பார்க்கலாம்: நீர் முத்து முத்தாகத் திரளாமல் ஒரே படலமாகப் பரவினால் மேற்பரப்பு சுத்தமாகி விட்டது என்று பொருள்.

உலர்ந்ததும் தாமதியாது, ஒரு மணித்தியாலத்துக்குள் முதற்பூச்சு இடப்பட வேண்டும். இரண்டு பகுதிகளைக் கலந்து பயன்படுத்தும் எப்பொக்சி முதற்பூச்சே கடல் நீருக்கு ஏற்றது. இதற்குக் கையுறை அவசியம். மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை பூசுவது, தடித்த பூச்சாக ஒரே தடவை பூசுவதிலும் மேலானது; தடித்த பூச்சு அலகின் வடிவத்தையும் சமநிலையையும் கெடுத்துவிடும். பூசும் நேரத்தில் உலோகத்தின் வெப்பநிலை பனிபடுநிலையிலும் குறைந்தது 3 பாகை செல்சியஸ் கூடுதலாக இருத்தல் வேண்டும். நமது கரையோரத்தில் அதிகாலையிலும் மாலையிலும் பூசுவது தோல்விக்கே வழிவகுக்கும். வெயில் ஏறிய பின், கடற்காற்று வலுக்குமுன், நிழலில் செய்வது உத்தமம்.

எப்பொக்சி தொடுவதற்குக் காய்ந்துவிட்டாலும் உள்ளே முற்றாக இறுகுவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் செல்லும். மறுநாளே கடலில் இறக்கினால் பட்ட சிரமமெல்லாம் வீணாகும். அன்றாடம் தொழிலுக்குப் போக வேண்டியவர் ஒரு வாரம் காத்திருப்பது எங்ஙனம் என்ற கேள்வி நியாயமானதே. மாற்று விசிறி வைத்திருப்பவருக்கே இவ்வேலை சரிவரும் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

உரிந்துபோவதைவிடப் பாரதூரமான தவறொன்றும் நடக்கிறது. படகின் அடிப்புறத்தில் கொட்டலசு பிடிக்காதிருக்கப் பூசும் சிவப்புத் தீந்தையில் மிகுந்ததைச் சிலர் விசிறியிலும் தடவிவிடுகிறார்கள். அத்தகைய தீந்தைகள் பலவற்றில் செப்புச் சேர்வை உண்டு. அதிலிருந்து கரையும் செப்பு அலுமினியத்தின் மீது படிந்து, உப்பு நீரில் மின்கலம் போலச் செயற்பட்டு உலோகத்தைத் தின்னத் தொடங்கும். முன்னர் அலுமினியத்துக்கென வெள்ளீயச் சேர்வை கலந்த தீந்தைகள் விற்கப்பட்டன. கடல்வாழ் உயிரினங்களுக்கு அவை இழைத்த தீங்கு காரணமாக 2008 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கையால் தடை செய்யப்பட்டன. அலுமினியத்துக்கு ஏற்றதெனக் குறிப்பிட்டு விற்கப்படும் செப்பற்ற தீந்தைகளும் உள்ளன. ஆனால் தொழில் முடிந்ததும் இயந்திரத்தை நீருக்கு மேல் உயர்த்தி வைப்பவருக்கு விசிறியில் அத்தீந்தை தேவையே இல்லை.

இறுதியாக, விசிறியின் மெய்யான காவலன் இயந்திரத்தின் அடிக்காலில் பொருத்தப்பட்டிருக்கும் நாகக் கட்டியே. தான் கரைந்து, தன்னோடு உலோகத் தொடர்பிலுள்ள அலுமினியத்தை அது காக்கின்றது. அதன் மேல் தீந்தை பட்டால் அது வேலை செய்யாது. பல இயந்திரங்களில் விசிறிக்கு மேலே சிறு துடுப்புப் போல் தெரிவதும் இதுவே. அழகுக்காக அதற்கும் சேர்த்து வர்ணம் அடிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். விசிறியின் உட்துளைக்கும் தண்டின் பற்களுக்கும் கூட வர்ணம் ஆகாது. அங்கே கடல் நீருக்கேற்ற கிறீஸே பூசப்பட வேண்டும். நாகக் கட்டி பாதியளவு கரைந்ததும் புதியது மாற்றப்பட வேண்டும். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்கே போதுமென்றால், தீந்தைக் குப்பியை விட்டு நாகக் கட்டியை வாங்குவதே புத்திசாலித்தனம். களப்பின் நன்னீர் கலந்த பகுதிகளில் தொழில் செய்வோர் மட்டும், அங்கு நாகம் சரிவர இயங்காது என்பதால், அலுமினியத்தாலான கட்டியைக் கேட்டு வாங்க வேண்டும்.