ஜேசனை உருவாக்கினது யாரு?

இன்னைக்கு நாம பேசப்போற டாக்குமென்டரியோட நீளம் சுமார் 400 நிமிஷம். ஆறு மணி நேரம் நாற்பது நிமிஷம்! பேரு ‘கிறிஸ்டல் லேக் மெமரீஸ்’. டேனியல் ஃபேரண்ட்ஸ் இயக்கி 2013-ல் வந்தது. பீட்டர் பிராக்கே அதே பேரில் எழுதின புத்தகம்தான் அடிப்படை. ‘ஃப்ரைடே த தர்ட்டீன்த்’ வரிசையில் வந்த 12 படங்களையும் ஒண்ணு விடாம, நடிச்சவங்க, எடுத்தவங்க, மேக்கப் போட்டவங்க எல்லாரையும் உட்கார வச்சுப் பேச வச்சிருக்காங்க.

ஹாக்கி மாஸ்க் போட்டுக்கிட்டு கத்தியோட வர்ற ஒரு ஆளுக்கு எதுக்குய்யா இவ்வளவு நேரம்னு நானும் நினைச்சேன். பார்க்கப் பார்க்க வேற ஒரு கேள்விதான் என்னைப் பிடிச்சுக்கிச்சு. இந்த ஜேசன் வூர்ஹீஸை உருவாக்கினது யாரு? இது சும்மா ரசிகர் விவாதம் கிடையாது, கோர்ட் வரைக்கும் போன விஷயம். (இனிமே ஸ்பாய்லர்தான். 1980-ல் வந்த படம், பொறுத்துக்கோங்க.)

கதை தொடங்கினதே ஒரு விளம்பரத்தில்தான். 1978-ல் வந்த ‘ஹாலோவீன்’ ஓட்டமா ஓடுது. அதைப் பார்த்த ஷான் கன்னிங்ஹாம், ஸ்கிரிப்ட் தயாராகறதுக்கு முன்னாடியே, படத்தோட பேரு கண்ணாடியை உடைச்சுக்கிட்டு வர்ற மாதிரி ஒரு விளம்பரத்தை ‘வெரைட்டி’ பத்திரிகையில் போட்டுட்டார். பேரு ரெடி, படம் இல்லை. ஸ்கிரிப்ட் எழுதினவர் விக்டர் மில்லர். நியூ ஜெர்சியில் ஒரு நிஜ சாரணர் முகாமில் ஷூட்டிங். செலவு சுமார் ஐந்தரை லட்சம் டாலர். பாரமவுண்ட் வாங்கி வெளியிட்டது. அமெரிக்காவில் மட்டும் வசூல் கிட்டத்தட்ட 4 கோடி டாலர்.

அந்த முதல் படத்தில் கொலைகாரன் ஜேசன் கிடையாது. அவனோட அம்மா. முகாமைப் பார்த்துக்கவேண்டியவங்களோட அலட்சியத்தால ஏரியில் மூழ்கிப்போன பையனுக்காகப் பழி வாங்கறவங்க. 1996-ல் வந்த ‘ஸ்க்ரீம்’ படத்தோட முதல் காட்சியில் போனில் கேட்கப்படற கேள்வியே இதுதான், அந்தப் பொண்ணு தப்பாத்தான் பதில் சொல்லும். அம்மாவா நடிச்ச பெட்ஸி பால்மருக்கு ஸ்கிரிப்ட் சுத்தமா பிடிக்கலை. ஆனா அவங்களுக்குப் புதுசா ஒரு கார் வாங்கவேண்டியிருந்தது. ஒத்துக்கிட்டாங்க. எனக்கு இந்த மொத்த வரிசையிலும் பிடிச்ச நடிப்பு அவங்களோடதுதான்.

அப்போ ஜேசன்? படத்தோட கடைசி நிமிஷத்தில், தப்பிச்ச பொண்ணு படகில் மிதக்கும்போது, தண்ணிக்குள்ள இருந்து ஒரு பையன் பாய்ஞ்சு வந்து இழுப்பான். அந்த ஒரு ஷாட் இல்லைன்னா அடுத்த 11 படம் இல்லை. அது யாரோட யோசனை? மேக்கப் போட்ட டாம் சவீனி தன்னோடதுன்னு சொல்றார். கிரெடிட் இல்லாம ஸ்கிரிப்டில் கை வச்ச ரான் கர்ஸ் தன்னோடதுன்னு சொல்றார். மில்லருக்கு அவரோட கணக்கு. எங்க வேலையில் எந்த வரியை யாரு எழுதினாங்கன்னு பார்க்க ‘கிட் பிளேம்’னு ஒரு கமாண்ட் இருக்கு. சினிமாவுக்கு அது இல்லாம போச்சு.

அதோட முடியலை. இரண்டாவது படத்தில் ஜேசன் வளர்ந்த ஆளா வர்றான், தலையில் ஒரு துணிப்பை. பிரபலமான அந்த மாஸ்க் வர்றது 1982-ல், மூணாவது படத்தில்தான். அது 3டி படம். ஒரு லைட்டிங் டெஸ்டுக்கு முகத்தை மறைக்க ஏதாவது வேணும், முழு மேக்கப் போட யாருக்கும் பொறுமை இல்லை. 3டி வேலையைப் பார்த்துக்கிட்டிருந்த மார்ட்டின் ஜே சேடாஃப் ஒரு ஹாக்கி பைத்தியம். தன் பையில் இருந்த கோல்கீப்பர் மாஸ்கை எடுத்து நீட்டினார். இயக்குநர் ஸ்டீவ் மைனருக்குப் பிடிச்சுப்போச்சு. உலகம் முழுக்க டீ-ஷர்ட்டில் இருக்கற அந்த முகம் வந்த வழி இதுதான்.

சத்தம் இன்னொருத்தர். ‘கி கி கி, மா மா மா’ன்னு கேக்குமே, அது ஹாரி மான்ஃப்ரெடினியோட வாய்ச் சத்தம். அம்மா காதில் மகன், ‘அவளைக் கொல்லு மம்மி’ன்னு சொல்றதா வர்ற வசனத்தில் இருந்து ‘கில்’, ‘மம்மி’ ரெண்டோட முதல் ஒலியை மட்டும் எடுத்து, மைக்கில் சொல்லி, எக்கோ போட்டிருக்கார். நடை இன்னொருத்தர். கேன் ஹாடர்ங்கற ஸ்டண்ட்மேன் 7-ல் இருந்து 10 வரைக்கும் நாலு படத்தில் ஜேசன். மூச்சு விடும்போது தோள் ஏறி இறங்கறதெல்லாம் அவர் கொண்டுவந்தது. 2003-ல் ‘ஃப்ரெடி வெர்சஸ் ஜேசன்’ வந்தப்போ அவருக்குப் பதிலா வேற ஆளைப் போட்டுட்டாங்க. அது அவரை எவ்வளவு காயப்படுத்துச்சுன்னு நேர்காணல்களில் அவர் மறைக்கறதே இல்லை. ஒரு கேரக்டருக்குப் பத்து வருஷத்துக்கு மேல உடம்பைக் கொடுத்தவருக்கு, அந்தக் கேரக்டரில் துளி உரிமையும் கிடையாது.

சரி, கோர்ட்டுக்கு வருவோம். இது டாக்குமென்டரி வந்த அப்புறம் நடந்தது. அமெரிக்காவில் ஒரு சட்டம் இருக்கு. ஒரு படைப்பை எழுதிக் கொடுத்தவர், 35 வருஷம் கழிச்சு அந்த உரிமையைத் திரும்பக் கேட்கலாம். ஆனா அவர் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஊழியரா இருந்தா, கேட்க முடியாது. என் ஆஃபர் லெட்டரில்கூட, நான் எழுதற கோடு எல்லாம் கம்பெனிக்குத்தான்னு ஒரு பாரா இருக்கு. உங்கள்ல பல பேர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பீங்க. 2016-ல் மில்லர் உரிமையைத் திரும்பக் கேட்டார். அவர் எங்க ஊழியர், எழுத்தாளர் சங்க ஒப்பந்தத்தில் வந்தவர்னு தயாரிப்புத் தரப்பு வழக்குப் போட்டது. கோர்ட் என்ன பார்த்துச்சு தெரியுமா? அவருக்கு ஊழியருக்கான சலுகை எதுவும் கொடுத்தீங்களா, சம்பளத்தில் வரி பிடிச்சீங்களா, எப்போ எங்கே எழுதணும்னு சொன்னீங்களா? இல்லை. அப்போ அவர் தனியா ஒப்பந்தத்துக்கு எழுதினவர். 2018-ல் மில்லர் பக்கம் தீர்ப்பு, 2021-ல் மேல்முறையீட்டிலும் அதே.

ஆனா அவருக்குக் கிடைச்சது முதல் ஸ்கிரிப்டோட அமெரிக்க உரிமை மட்டும். வெளிநாட்டு உரிமை இன்னும் மற்ற தரப்பிடம். மாஸ்க் போட்ட, வளர்ந்த ஜேசன் யாருக்குச் சொந்தம்ங்கற கேள்வியை மேல்முறையீட்டு நீதிமன்றம் தொடவே இல்லை. ஒருத்தர்கிட்ட அம்மாவும் ஏரியும், இன்னொருத்தர்கிட்ட மாஸ்க்.

இந்தச் சண்டையில் அடிபட்டவங்களில் கேமர்களும் உண்டு. 2017-ல் வந்த ‘ஃப்ரைடே த தர்ட்டீன்த்: த கேம்’ ஞாபகம் இருக்கா? தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே, 2018 ஜூனில், இனி புது கன்டென்ட் வராதுன்னு அறிவிச்சுட்டாங்க. பாதி வேலை முடிஞ்ச மேப் உட்பட எல்லாம் நின்னுபோச்சு. அந்த டீமில் இருந்த ஒரு டெவலப்பரை நினைச்சுப் பாருங்க: பக் இல்லை, பட்ஜெட் பிரச்சினை இல்லை, 1979-ல் யாரோ போட்ட ஒப்பந்தம்.

2009-க்கு அப்புறம் முழுநீளப் படம் ஒண்ணுகூட வரலை. 2022-ல் அறிவிச்சது ஒரு சீரிஸ், முதல் படத்துக்கு முந்தைய கதை. பேரு ‘கிறிஸ்டல் லேக்’. காரணம் இப்போ உங்களுக்கே புரியும்.

டாக்குமென்டரியை ஒரே மூச்சில் பார்க்காதீங்க. ஒரு படம், அப்புறம் அந்தப் படத்துக்கான பகுதி, இப்படிப் போங்க. எட்டாவது படத்தை வேணா விட்டுடலாம்; ஜேசன் மன்ஹாட்டனைக் கலக்கறான்னு பேரு, பெரும்பகுதி எடுத்தது வான்கூவரில். அதை எப்படி ஒப்பேத்தினாங்கன்னு அவங்க சொல்ற பகுதி மட்டும் படத்தைவிட நல்லா இருக்கு.