நாடியும் சந்தூரும்

ஈரானில் மருத்துவமும் இசையும் வெகுநாள் உறவுக்காரர்கள். 1037-இல் ஹமதானில் காலமான இப்னு சீனா தம் மருத்துவப் பெருநூலான 'அல்-கானூன்' நூலில், நாடித் துடிப்பில் ஓர் இசைத்தன்மை இருப்பதாக எழுதியிருக்கிறார். துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலான கால விகிதம் இசைப் பயிற்சி உள்ளவருக்கே நன்றாகப் பிடிபடும் என்பது அவர் கருத்து. அவருடைய 'அஷ்-ஷிஃபா' நூலில் இசைக்கென்றே தனிப் பகுதி உண்டு.

20-ஆம் நூற்றாண்டில் நூர் அலி போரூமந்த் மருத்துவம் படிக்க ஜெர்மனிக்குப் போனார். படிப்பின் நடுவே பார்வை பறிபோயிற்று. நாடு திரும்பியவர் முழுமூச்சாக இசையில் இறங்கினார். 'ரதீஃப்' எனப்படும் மரபு மெட்டுகளின் பெருந்தொகுப்பை மனப்பாடமாக வைத்திருந்து தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். ஷஜரியான், லொத்ஃபி, அலிஸாதே என அவரிடம் பயின்றவர்களே பின்னாளில் பாரசீக இசையின் பெரிய பெயர்கள் ஆனார்கள். பிழைப்புக்கு வேறு தொழில் வைத்துக்கொண்டு வாசிப்பவர்களையும் ஈரானிய மரபு உயர்வாக மதித்தது.

இன்றைய பயோமெடிக்கல் பொறியாளருக்கு அந்த மரபில் இயல்பாகவே இடம் இருக்கிறது. கர்ப்பிணியின் வயிற்றில் ஒட்டும் மின்முனைகளில் தாயின் இதயத்துடிப்புதான் பெரிதாகப் பதியும். சிசுவின் துடிப்பு அதற்குள் புதைந்து கிடக்கும். 1975-இல் பெர்னார்ட் விட்ரோ குழுவினர் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். தாயின் மார்பில் துடிப்பைத் தனியாகப் பதிந்து, அதற்கு ஈடானதை வயிற்றுப் பதிவிலிருந்து இடைவிடாமல் கழித்துக்கொண்டே வந்தால் சிசுவின் துடிப்பு தெளிந்து வரும்.

சந்தூர் என்னும் பாரசீகத் தந்திக் கருவியின் பதிவை அலசுகிறவருக்கும் கிட்டத்தட்ட இதே பாடுதான். சந்தூரில் 72 கம்பிகள். நான்கு கம்பிகள் சேர்ந்து ஒரு சுரம். மெல்லிய மரக் குச்சிகளான மெஸ்ராபால் தட்டியதும் கம்பி சட்டென்று அடங்குவதில்லை. அடுத்த சுரம் பிறக்கும்போது முந்தையது ரீங்கரித்துக்கொண்டிருக்கும். எது புதியது, எது எச்சம் என்று பிரித்தெடுக்க வேண்டும். அலைவெண்களைப் பகுப்பது, இரைச்சலை வடிகட்டுவது எனச் சிசுத் துடிப்புக்கும் சந்தூருக்கும் அடிப்படைக் கணிதம் ஒன்றே.

சுர இடைவெளிகள் இன்னும் சுவாரசியமானவை. பியானோவில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு நடுவே 100 சென்ட் தூரம் (சென்ட் என்பது சுர இடைவெளியின் அளவலகு). ஒரு கட்டை தள்ளிப் போனால் 200. பாரசீக இசையிலோ இவற்றுக்கு நடுவிலும் இடைவெளிகள் உண்டு. இசையியலாளர் ஹொர்மோஸ் ஃபர்ஹாத் கணக்குப்படி ஒன்று 135 சென்ட் அளவு, மற்றொன்று 160. அதுவும் கலைஞருக்குக் கலைஞர் நகரும். தார், செதார் ஆகிய தந்திக் கருவிகளின் கழுத்தில் உள்ள சுரமெட்டுகள் மரபாக நரம்பால் கட்டப்பட்டவை, வேண்டிய இடத்துக்குத் தள்ளிக்கொள்ளலாம். இந்த அசைவைப் பிழை என்று கருதிச் சமன்செய்யும் மென்பொருள் இசையையே அழித்துவிடும்.

அளவீடு எட்டாத இடமும் இருக்கிறது. அபூ அத்தா, தஷ்தி ஆகிய பண்கள் ஏறக்குறைய ஷூர் பண்ணின் சுரங்களையே பயன்படுத்துகின்றன. எந்தச் சுரத்தைச் சுற்றி மெட்டு வளர்கிறது, எங்கே வந்து ஓய்கிறது என்பதில்தான் வேறுபாடு. எந்தெந்தச் சுரங்கள் வந்தன என்று மட்டும் எண்ணும் நிரல் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடும். அதனால்தான் எத்தனை பட்டம் பெற்ற பொறியாளரும், வேலை முடிந்த பின் ஆசிரியர் முன் அமர்ந்து, அவர் வாசிக்கும் ரதீஃபின் சிறு பகுதியான ஒவ்வொரு 'கூஷே'யையும் கேட்டுக் கேட்டுத் திருப்பி வாசித்தே ரதீஃப் கற்கிறார்.