விரல் நுனியில் ஒரு சொட்டு!

சர்க்கரையையும் பிரஷரையும் வீட்டு வாசலுக்கே வந்து பார்க்கிற காலம் இது. 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பிறகு, ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கத்துப் பாட்டிமார்களுக்கும் விரலை நீட்டுவது பழகிவிட்டது.

அதே விரல் நுனி ரத்தத்தில் எச்.ஐ.வி.யையும் பார்க்கலாம், தெரியுமோ? அரை மணி நேரத்துக்குள் முடிவு வந்துவிடும். உகாண்டா, கென்யா நாடுகளில் 2000-க்குப் பின் வீடு வீடாகப் போய், கணவன் மனைவியைச் சேர்த்து உட்கார வைத்தே பரிசோதித்தார்கள். பஸ் செலவு மிச்சம், கூலி நஷ்டமும் இல்லை.

ஆனால், நம் வீடுகளை நாம் அறியாததா? திண்ணையில் மாமியார், வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு அக்கா. "ஏண்டி, நர்ஸம்மா எதுக்கு வந்துட்டுப் போறாங்க?" என்ற ஒரு கேள்வி போதும்! ரத்தம் எடுப்பது சுலபம். ரகசியம் காப்பதுதான் கஷ்டம்.

இன்னொன்று. கர்ப்பமானதும் பெண்ணுக்குத்தான் முதலில் பரிசோதனை. அதனாலேயே, "இவளாலதான் வந்துச்சு" என்று பழியும் அவள் தலையில் விழுகிறது. முதலில் தெரிய வந்தவர்தான் முதலில் தொற்றியவர் என்று அர்த்தமில்லை, சகோதரிகளே! கணவரும் சேர்ந்து பரிசோதித்துக்கொள்வதே நியாயம்.

பரிசோதனை வீட்டில் நடந்தாலும் வெளியே நடந்தாலும், இவற்றை மனதில் வையுங்கள்:

* உங்கள் சம்மதம் அவசியம். 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த சட்டம் இதைச் சொல்கிறது. சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் முடிவைப் பிறரிடம் சொல்லவும் கூடாது.

* முதல் பரிசோதனையில் 'இருக்கலாம்' என்று வந்தால் அது முடிவல்ல. அரசு மருத்துவமனை 'நம்பிக்கை மைய'த்தில் மேலும் பரிசோதித்தே உறுதி செய்வார்கள்.

* தொற்றிய புதிதில் ரத்தத்தில் தெரியாமல் போகலாம். சந்தேகமிருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தபோது, கொடுக்க மருந்தே இல்லை. 2004 முதல் அரசு இலவசமாகவே கூட்டு மருந்து தருகிறது. தினமும் தவறாமல் சாப்பிட்டால் நீண்ட காலம் நலமாக வாழலாம். சிகிச்சை இல்லாவிட்டால் நூறில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தாயிடமிருந்து தொற்றக்கூடும். சிகிச்சை பெற்றால் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும்.

வீட்டில் பேசக் கூச்சமா? 1097-க்கு இலவசமாகப் போன் செய்யுங்கள். நம் உடம்பைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வெட்கமென்ன!