சூடானால் நின்றுவிடும் பழைய புல்லட்: கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

காலையில் இரண்டே கிக்கில் கிளம்புகிறது. பத்து, பதினைந்து கிலோமீட்டர் நன்றாக ஓடுகிறது. பிறகு ஏதோ ஒரு சிக்னலில் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. எத்தனை கிக் அடித்தாலும் பலனில்லை. அரை மணி நேரம் கழித்து, எதுவுமே நடக்காததுபோல மறுபடியும் ஸ்டார்ட் ஆகிறது.

பழைய புல்லட் வாங்கிய பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவதற்குள் என்ஜின் ஆறிவிடும். அவர் ஒரே கிக்கில் கிளப்பிக் காட்டி, "நல்லாத்தானே சார் இருக்கு" என்பார். அடுத்த முறை பிளக் மாறும், அதற்கடுத்து கார்புரேட்டர் மாறும். காசு கரையும், கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். காரணம் எளிது: சூட்டில் வரும் கோளாறை, வண்டி சூடாக இருக்கும்போதே சோதித்தால்தான் பிடிக்க முடியும்.

எந்த வண்டிகளுக்கு இது பொருந்தும்?

இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-ல் கைகோத்துத் தொடங்கியது என்ஃபீல்டு இந்தியா. சென்னை திருவொற்றியூர் ஆலையில் பல பத்தாண்டுகள் தயாரான, இரும்பு சிலிண்டர் கொண்ட பழைய புல்லட்களில் 'பாயின்ட்' வைத்த இக்னிஷன்தான் இருந்தது. இன்றைய வண்டிகளைப் போல எலெக்ட்ரானிக் பெட்டி எதுவும் கிடையாது. எல்லாமே கண்ணால் பார்த்து, கையால் சரிசெய்யக்கூடிய பாகங்கள்.

தீப்பொறி எப்படி உருவாகிறது?

பேட்டரியிலிருந்து வரும் கரண்ட், சாவி வழியாகக் காயிலுக்குப் போய், பாயின்ட் வழியாக எர்த்தில் சேர்கிறது. பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலுக்குள் காந்தப்புலம் உருவாகிறது. பாயின்ட் திறக்கும் கணத்தில் அந்தப் புலம் சரிகிறது. அப்போது உண்டாகும் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம்தான் பிளக்கில் பொறியாகத் தெறிக்கிறது.

பாயின்ட் திறக்கும்போது அங்கேயே பொறி பறந்து வீணாகாமல் தடுப்பது கண்டென்சர், அதாவது மின்தேக்கி. விரல் நுனி அளவே இருக்கும் இது பழுதானால், பாயின்ட் கருகும், பிளக்கில் பொறி பலவீனமாகும்.

நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழலும் ஒற்றை சிலிண்டர் 4 ஸ்ட்ரோக் என்ஜினில், நொடிக்கு 25 முறை பெட்ரோல் எரிய வேண்டும். ஒவ்வொரு முறையும் இந்த வேலை பிசகாமல் நடந்தாக வேண்டும்.

சூடானால் மட்டும் ஏன் நிற்கிறது?

புல்லட் என்ஜினைக் குளிர்விப்பது எதிர்க்காற்று மட்டுமே. டிராஃபிக்கில் நின்றால் காற்று கிடையாது, சூடு ஏறிக்கொண்டே போகும். காயிலுக்குள் இருக்கும் மெல்லிய செம்புக் கம்பி எங்காவது விரிசல் விட்டிருந்தால், சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்துவிடும். கண்டென்சருக்குள் இருக்கும் காப்புப் பொருள் நலிந்திருந்தால், சூட்டில் கரண்டைக் கசியவிடும். ஆறியதும் இரண்டுமே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

வண்டி நின்றதும் செய்ய வேண்டியவை

1. பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால், மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கலாம். இதுவும் இக்னிஷன் கோளாறுபோலவே ஏமாற்றும். பார்த்ததும் மூடிவிடுங்கள்.

2. பொறி வருகிறதா என்று பாருங்கள். என்ஜினில் இருக்கும் பிளக்கைக் கழற்ற வேண்டாம். அதன் கேப்பை மட்டும் எடுத்து, உபரி பிளக் ஒன்றில் மாட்டுங்கள். அதன் உலோகப் பகுதி சிலிண்டர் ஹெட்டைத் தொடும்படி வைத்துவிட்டு, சாவி போட்டு கிக் அடியுங்கள். நீல நிறத்தில் 'டக்'கென்று வெடித்தால் நல்ல பொறி, பெட்ரோல் பக்கம் தேடலாம். மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வரவே இல்லை என்றாலோ கோளாறு இக்னிஷனில்தான்.

3. ஆம்பியர் மீட்டரைக் கவனியுங்கள். ஹெட்லைட்டை அணைத்து, சாவி போட்டு, டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்தபடி கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயின்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்குத் திரும்பும். முள் அசையவே இல்லை என்றால் ஃபியூஸ், ஒயர், அழுக்கடைந்த பாயின்ட், அறுந்த காயில் இவற்றில் ஒன்று. சாய்ந்தே இருந்தால், பாயின்ட் திறக்கவில்லை அல்லது ஒயர் எங்கோ எர்த் ஆகிறது.

4. பாயின்ட்டைப் பாருங்கள். கருகியிருந்தால் நைஸ் உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்கவும். முழுமையாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் வைத்து அளந்துவிடலாம். இடைவெளி குறைந்தால் பொறி தாமதமாக வரும். வண்டி இழுக்காது, இன்னும் சூடாகும்.

5. பாயின்ட் இடையே பெரிய பொறி பறந்தால் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். பழையதன் ஒயரைக் கழற்றிவிட்டு, புதியதன் ஒயரைப் பாயின்ட் முனையிலும், உடலை எர்த்திலும் இணைத்துப் பாருங்கள். வண்டி கிளம்பிவிட்டால் விடை கிடைத்துவிட்டது.

6. அதற்கும் மசியவில்லை என்றால் காயில். ஈரத்துணியைப் பிழிந்து காயில்மேல் சுற்றி வையுங்கள். சில நிமிடங்களில் பொறி திரும்பினால், மாற்ற வேண்டியது காயிலைத்தான்.

எதையெல்லாம் செய்யக் கூடாது?

* சூடான என்ஜின்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. சிலிண்டரில் விரிசல் விழலாம்.
* பொறி பார்க்கும்போது ஒயரின் உலோக முனையைத் தொடக் கூடாது. பெட்ரோல் சிந்தியிருந்தால் சோதனையே வேண்டாம்.
* என்ஜின் நின்ற பிறகு சாவியை ஆனில் விடக் கூடாது. பாயின்ட் மூடிய நிலையில் இருந்தால், காயில் வழியே கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரி இறங்கும், காயிலும் சூடாகிப் பழுதாகும். நல்ல காயில் பலவும் கெடுவது இப்படித்தான்.
* கோபத்தில் கண்டபடி கிக் அடிக்கக் கூடாது. டைமிங் முந்தியிருந்தால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் எலும்பையே பதம் பார்த்துவிடும். டீகம்ப்ரஸரைப் பிடித்து, பிஸ்டன் உச்சியைத் தாண்டிய பிறகே முழு கிக் கொடுக்க வேண்டும்.

எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறிவிடலாமா?

மாறலாம். தேயும் பாயின்ட் கிடையாது, அடிக்கடி இடைவெளி பார்க்கும் வேலையும் மிச்சம். ஆனால் பேட்டரி நல்ல நிலையில் இருக்க வேண்டும். நடுவழியில் எலெக்ட்ரானிக் பெட்டி கெட்டால், மாற்றுப் பெட்டி இல்லாமல் வண்டி நகராது. தவிர, சூட்டில் அறுந்துபோகும் பழைய காயிலை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் மாற்றினால், அதே கோளாறு தொடரும். கோளாறு எதுவென்று உறுதிசெய்த பிறகே செலவு செய்வது நல்லது.

பாயின்ட்டோடு ஓட்டுபவர்கள் டூல் பாக்ஸில் ஒரு பிளக், ஒரு கண்டென்சர், ஒரு செட் பாயின்ட், உப்புத்தாள், ஃபீலர் கேஜ், இரண்டடி ஒயர் வைத்திருந்தால் போதும். மெக்கானிக்கிடம் போக வேண்டிவந்தாலும், "சூடா இருந்தப்போ பொறி வரலை, ஆம்பியர் முள்ளும் அசையலை" என்று சொல்ல முடிந்தால், அவருக்குப் பாதி வேலை முடிந்தது.