குஷன் கடைக்கு என்ன மெஷின், என்ன நூல்?

1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய காலம் முதல் பருத்தி நூலுக்குப் பேர்போன ஊர் ராஜபாளையம். ஆனால் அங்கேயோ பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலோ குஷன் கடை போட நினைக்கும் நேயர்களே, வண்டி சீட்டுக்கு ரெக்சின் தைக்கப் பருத்தி நூல் வேண்டாம். வெயிலிலும் வியர்வையிலும் இற்றுப்போகும். பாலியஸ்டர் அல்லது நைலான் நூல்தான் தாங்கும்.

மெஷினும் வேறு. வீட்டுத் தையல் மெஷினில் அடியிலுள்ள பல் மட்டுமே இழுக்கும். மேல் ரெக்சின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு பின்தங்க, தையல் கோணிவிடும். பல், ஊசி, பாதம் மூன்றும் சேர்ந்து நகரும் மெஷினாகப் பார்த்து வாங்குங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. தையல் நீளம் 4 மில்லிமீட்டராவது இருக்கட்டும். நெருக்கித் தைத்தால் துளை வரிசையிலேயே கிழியும்.

அளவெடுக்க, பழைய சீட் உறையைப் பிரிக்கும் முன் ஒவ்வொரு துண்டிலும் இடம், வலம், முன், பின் எழுதிவிடுங்கள். தையல் தடத்தைக் கெட்டி அட்டையில் வரைந்து, வெளியே அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். உட்கார்ந்து உட்கார்ந்து ரெக்சின் விரிந்திருக்கும். அதனால் அட்டையை ஸ்பாஞ்சின் மேல் வைத்துச் சரிபாருங்கள். துண்டுகள் சேரும் இடங்களில் வெட்டுக்குறி அவசியம். வண்டி மாடலை எழுதி அட்டையை ஆணியில் மாட்டிவைத்தால், அதே மாடலில் அடுத்த ஆட்டோவுக்கு அளவெடுக்கும் வேலை மிச்சம்.