யானையின் அடிக்குரல்

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஆறாம் வகுப்பில் படிக்கும் மகன் தேர்வில் ‘யானை உறுமும்’ என்று எழுத, ஆசிரியை அதை அடித்துவிட்டு ‘பிளிறும்’ என்று திருத்தியிருக்கிறாராம். “டாப்சிலிப்பில் என் காதால் கேட்டேன் என்று பையன் சாதிக்கிறான். யார் சொல்வது சரி?” என்று கேட்கிறார்.

குயில் கூவும், மயில் அகவும், கூகை குழறும், வண்டு முரலும் என்கிற ஒலி மரபு வரிசை எல்லோருக்கும் மனப்பாடம். அதை நான் இன்னொருமுறை ஒப்பிக்க வேண்டியதில்லை. பிராணிக்கு ஒரு சொல் என்பது அந்த வரிசையின் கணக்கு. பல்லிக்கு அது போதும், யானைக்குப் போதாது. மதிப்பெண் ஆசிரியை பக்கம். காடு பையன் பக்கம்.

பிளிறல் என்பது தும்பிக்கை வழியே காற்றை வேகமாக ஊதித்தள்ளும் ஓசை. மிரண்டால் பிளிறும், சினந்தால் பிளிறும், குதூகலத்திலும் பிளிறும். ஆசிய யானை உதடுகளை இறுக்கி அவற்றின் இடுக்கில் காற்றைச் செலுத்திக் கீச்சென்றும் கத்தும். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அப்படியொரு சத்தம் வந்தால் பக்கத்தில் நிற்பவருக்குச் சிரிப்புதான் வரும். ஆனால் யானைகள் தங்களுக்குள் அன்றாடம் பேசிக்கொள்வது பெரும்பாலும் இந்தச் சத்தங்களால் அல்ல. அதற்கு ஓர் அடிக்குரல் இருக்கிறது.

அந்தக் குரலை வேட்டைக்காரர்கள் வெகுகாலம் வயிற்றிரைச்சல் என்றே நினைத்தார்கள். நாள் முழுக்கத் தின்கிற பிராணி, குடல் கடகடக்கிறது, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டார்கள். ஆள் வாடை பட்டதும் அந்த இரைச்சல் சட்டென்று நின்றுபோகும். நினைத்த மாத்திரத்தில் யாரால் குடலை அடக்க முடியும்? குரலைத்தான் அடக்க முடியும்.

நம் காதுக்கு எட்டாத ஒலியில் யானைகள் பேசுகின்றன என்பதை முதலில் கவனித்துச் சொன்னவர் நம்மூர்க்காரர், மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிக்கொண்ட ஒரு விநோதக் கருவியோடு காடு காடாக அலைந்தவர். தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றிய அவருடைய கணக்கெடுப்பு, 1972இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. ஒலியை அளக்க அவரிடம் எந்தக் கருவியும் இல்லை. யானையின் நெற்றியில், தும்பிக்கை தொடங்கும் இடத்துக்கு மேலே, தோல் மெல்லத் துடிப்பதை அவர் கண் பிடித்தது. நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? பாடப்புத்தகத்தில் ‘பிளிறும்’ என்பதற்குப் பக்கத்தில் கிருஷ்ணனைப் பற்றி இரண்டு வரி போட்டால் குறைந்தா போய்விடும்?

கருவி வைத்து நிரூபித்தவர் கேட்டி பெய்ன் என்னும் அமெரிக்கப் பெண்மணி. திமிங்கிலப் பாட்டை ஆராய்ந்துகொண்டிருந்தவர், 1984இல் ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் விலங்குக்காட்சியகத்தில் ஆசிய யானைகளின் அருகே உட்கார்ந்திருந்தார். காதில் ஒன்றும் விழவில்லை. காற்று மட்டும் விட்டுவிட்டு அதிர்ந்தது. சிறுமியாகத் தேவாலயப் பாடகர் குழுவில் நின்றபோது, ஆர்கனின் பெரிய குழல்கள் எழுப்பிய அதிர்வு பிற்பாடு அவர் நினைவுக்கு வந்தது. திரும்பப் போய், தாழ்ந்த ஒலியையும் பதியும் கருவியால் பதிவு செய்து, நாடாவை வேகமாக ஓடவிட்டபோது யானைகளின் பேச்சு வெளிவந்தது. அங்கே ஒரு கான்கிரீட் சுவருக்கு இந்தப் பக்கம் பெண் யானையும் அந்தப் பக்கம் ஆண் யானையும் நின்று பேசிக்கொண்டிருந்திருக்கின்றன.

நொடிக்கு 20 அதிர்வுகளுக்குக் கீழே போனால் நம் காதுக்குப் பிடிபடாது. ஆசிய யானையின் அடிக்குரல் 14 முதல் 24 வரை. பஸ் ஸ்டாண்டில் இன்ஜினை அணைக்காமல் நிற்கும் பஸ்ஸில், ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருக்கிறீர்களா? காதை முந்திக்கொண்டு தாடை எலும்பு அறியும் அந்த அதிர்வுதான் இதற்குக் கிட்டத்தில் வரும். அடிக்குரலின் மேல்பகுதி கொஞ்சம் நம் காதிலும் விழும். பையன் உறுமல் என்று கேட்டது அதைத்தான்.

இவ்வளவு தாழ்ந்து பேசுவதால் யானைக்கு என்ன லாபம்? தூரம். நொடிக்கு 17 முறை அதிரும் ஒலியின் ஓர் அலை 20 மீட்டர் நீளம். இலையும் தழையும் அடிமரமும் அதை மறிப்பதில்லை. பிரிந்து மேயும் கூட்டங்கள் சில கிலோமீட்டர் தள்ளியிருந்தும் ஒன்றின் போக்கை மற்றது அறிந்து நடக்கும். பொழுது சாய்ந்து தரையோரக் காற்று குளிர்ந்துவிட்டால் குரல் இன்னும் தூரம் போகும். மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டம் திடீரென்று அசையாமல் நிற்கும், காதுகள் விரியும், பிறகு எல்லாம் சேர்ந்தாற்போல ஒரே திசையில் நகரும். நமக்கு ஒன்றுமே கேட்டிருக்காது.

தசைகளைத் துடிக்கவைத்து எழுப்பும் ஒலியா இது என்றொரு சந்தேகம் இருந்தது. பெர்லினில் இயற்கையாக இறந்த ஒரு யானையின் குரல்வளையை எடுத்து, வியன்னா ஆய்வாளர்கள் அதனுள் காற்றைச் செலுத்தினார்கள். உயிரற்ற குரல்வளை அதே அடிக்குரலை எழுப்பியது. நம் தொண்டையில் நடப்பதேதான். குரல் நாண் மட்டும் சுமார் 10 சென்டிமீட்டர் நீளம். 2012இல் வந்த செய்தி இது. 2024இல் இன்னொன்று வந்தது: கென்யாவின் சம்புரு, அம்போசெலி பகுதிகளில் யானைகள் ஒன்றையொன்று தனித்தனிப் பெயர் போன்ற அடிக்குரலால் கூப்பிடுகின்றன. தன்னைக் கூப்பிட்ட ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினால், மற்றவற்றைக் கூப்பிட்ட பதிவுக்கு இல்லாத அக்கறையோடு அந்த யானை நெருங்கி வருகிறது, பதில் கொடுக்கிறது.

இதைப் படித்த பிறகு கோயில் யானையைப் பார்க்க எனக்கு மனசு ஒப்பவில்லை. தாய், பாட்டி, சித்தி, அக்கா தங்கை என்று கூட்டமாகவே வாழ்ந்து முடியும் பெண் யானையைப் பிரித்து, கோயிலுக்கு ஒன்றாக நிறுத்துகிறோம். தலைக்கு மேலே குழாய் ஒலிபெருக்கி, எதிரே மேளம், மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர். அது அடிக்குரலில் கூப்பிட்டால் பதில் சொல்லச் சுற்றுவட்டாரத்தில் இன்னொரு யானை கிடையாது. ஆசி வாங்க நாணயம் நீட்டுகிற நமக்கு இது தோன்றுவதே இல்லை. யானை இல்லாமல் சாமிக்குக் குறை வந்துவிடாது என்பது என் கட்சி. வைத்தே தீர வேண்டும் என்பவர்கள் இரண்டையாவது ஒரே இடத்தில் வைக்கட்டும், குழாயைக் கழற்றட்டும்.

கோயில் யானைகளுக்கான புத்துணர்வு முகாம் மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில், பவானிக் கரையில், 48 நாள் நடந்துவந்தது. மருந்தும் சத்துணவும் எடை பார்ப்பதும்தான் அங்கே பெரிய செய்தி. முகாமில் பழகிய யானைகள் ஒன்றையொன்று தேடிப்போய்த் தும்பிக்கை கோத்து நின்ற படங்களைப் பத்திரிகைகள் ஓரத்தில் போட்டன. கடைசி முகாம் 2021இல் நடந்தது.