மின்ஸ்கூட்டர் பாட்டரியைப் பேணுவது எப்படி?

எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் பாட்டரியைக் கவனிப்பது என் தந்தையாரின் பொறுப்பு. மாதம் ஒருமுறை மூடிகளைத் திறந்து பார்த்து, குறைந்திருந்தால் வாலைவடிநீர் ஊற்றுவார். "பாட்டரி எப்போதும் நிறைந்தே இருக்க வேண்டும், குறையவிட்டால் செத்துவிடும்" என்பது அவர் கொள்கை. வீட்டிற்கு மின்ஸ்கூட்டர் வந்ததும் அதற்கும் அதே கொள்கைதான். மாலையில் வண்டி வந்து நின்றவுடன் சார்ஜரைச் செருகுவார், விடியும்வரை எடுக்கமாட்டார். என் மாணவன் ஒருவனோ, வண்டி நின்றுவிடும் அளவுக்குச் சார்ஜைத் தீர்த்த பிறகே மின்னேற்றவேண்டும் என்கிறான். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் இருவரும் பேசுவது வேறு பாட்டரிகளைப் பற்றி!

தந்தையார் கூறுவது ஈய-அமில பாட்டரிக்கு முற்றும் பொருந்தும். அதிலிருந்து மின்சாரத்தை எடுக்கும்போது தகடுகளின்மேல் ஈய சல்ஃபேட் படிகிறது. விரைவில் மின்னேற்றினால் அது மறைந்துவிடும். பல நாள் அப்படியே விட்டால் கெட்டியான படிகங்களாக இறுகிப்போகும். பிறகு மின்னேற்றினாலும் அசையாது. மாணவன் கூறுவது நிக்கல்-காட்மியம் கலங்கள் புழங்கிய காலத்து வழக்கம். அவற்றை அரைகுறையாகப் பயன்படுத்தி மீண்டும் மீண்டும் மின்னேற்றினால் கொள்ளளவு சுருங்கியதுபோல் நடந்துகொள்ளும் என்பார்கள்.

இன்று ஓடும் மின்ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது லித்தியம்-அயனி பாட்டரி. 1991இல் கடைக்கு வந்தது. இதற்கு வழிவகுத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மலிவான சில மெதுவண்டிகளில் இன்னும் ஈய-அமில பாட்டரி உண்டு. ஆகவே உங்கள் வண்டியில் இருப்பது எது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஈயம் என்றால் என் தந்தையார் சொல்வதே சட்டம்; இக்கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை.

லித்தியம் கலத்தின் உள்ளே என்ன நடக்கிறது? எதிர்முனையில் கிராஃபைட் இருக்கிறது. அதன் கரியணு அடுக்குகள் ஓலைச்சுவடியின் ஏடுகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தவை. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து புறப்பட்டு, மின்பகுளியின் வழியே நீந்தி வந்து, இந்த ஏடுகளுக்கிடையே புகுந்து தங்குகின்றன. வண்டி ஓடும்போது திரும்பிச் செல்கின்றன. ஈய பாட்டரியில்போல் தகடு கரைந்து படியும் வேலை இங்கே இல்லை, வெறும் போக்குவரத்துதான். அப்படியானால் இது ஏன் கெடுகிறது?

கிராஃபைட்டின் மேற்பரப்பில், தொழிற்சாலையில் முதன்முதல் மின்னேற்றும்போதே ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது. அது அயனிகளை உள்ளே விடும், மின்பகுளியை அண்டவிடாது. நல்ல காவலாளிதான். ஆனால் இந்தப் படலம் நாளடைவில் தடிக்கிறது. தடிக்கும்போது கொஞ்சம் லித்தியத்தை நிரந்தரமாக விழுங்கிவிடுகிறது. போக்குவரத்துக்கு அயனிகள் குறைய, வண்டி செல்லும் தொலைவும் குறைகிறது. இதை விரைவுபடுத்துபவை இரண்டு: வெப்பம், முழுச் சார்ஜ். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் வேதிவினை ஏறத்தாழ இருமடங்கு வேகம் பெறும் என்பது வேதியியலார் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. முழுச் சார்ஜில் கலத்தின் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டை எட்டுகிறது. அந்த நிலையில் நேர்முனையும் மின்பகுளியைச் சிதைக்கத் தொடங்குகிறது. சித்திரை வெயிலில் வந்து நின்ற வண்டியை, சூடு ஆறுமுன் மின்னேற்றி, இரவெல்லாம் நிறைந்த நிலையிலேயே வைத்திருந்தால், இரண்டு தீமைகளும் சேர்ந்துகொள்கின்றன. சார்ஜர் தானாக நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் நின்ற பிறகும் பாட்டரி நிறைந்துதானே இருக்கிறது?

ஆகவே வண்டியை நிழலில் அரை மணி, ஒரு மணி ஆறவிட்டு, பிறகு மின்னேற்றுங்கள். அன்றாட ஓட்டத்துக்கு 80 சதவீதம் போதும். கணக்கும் எளிது. 48 வோல்ட், 30 ஆம்பியர்-மணி பாட்டரி, 6 ஆம்பியர் சார்ஜர் என்று கொள்வோம். 30 சதவீதத்திலிருந்து 80க்கு ஏற்ற வேண்டியது 15 ஆம்பியர்-மணி. இரண்டரை மணி நேரம். கடைசி 20 சதவீதத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கல்யாணப் பந்தியில் முதலில் வருபவர் சட்டென்று அமர்வர். கடைசியில் வருபவர் காலி இலையைத் தேடி அலைவர் அல்லவா? அதுபோல ஏடுகள் நிறைய நிறைய, சார்ஜர் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே போகிறது. மிகுந்த குளிரில் அயனிகள் ஏடுகளுக்குள் புகத் திணறி, வெளியிலேயே உலோக லித்தியமாகப் படிந்துவிடும். உறைநிலைக்குக் கீழே மின்னேற்றக் கூடாது என்பது இதனால்தான். மார்கழியில் உதகைக்காரர்கள் மட்டும் இதை நினைவில் வைத்தால் போதும்.

தொலைதூரம் போகவேண்டிய நாளில் 100 சதவீதம் ஏற்றிக்கொள்வதில் தவறில்லை. உங்கள் பாட்டரி லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட் வகையானால் அவ்வப்போது முழுதும் ஏற்றவே வேண்டும். அதன் மின்னழுத்தம் நெடுந்தூரம் மாறாமல் இருப்பதால், எவ்வளவு மீதி என்று மேலாண்மைச் சுற்றுக்குக் கணக்குத் தப்பும். முழுச் சார்ஜில்தான் அது தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது.

அடியோடு தீர்ப்பது இன்னும் பெரிய கேடு. மாணவனுக்கு இதைத்தான் சொன்னேன். மிகவும் இறங்கிய கலத்தில், எதிர்முனையைத் தாங்கும் செப்புத் தகடே கரையத் தொடங்கும். மறுபடி மின்னேற்றும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே குறுக்குச்சுற்றை உண்டாக்கலாம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பாதிச் சார்ஜில் விட்டுச் செல்லுங்கள். நின்ற வண்டியிலும் மேலாண்மைச் சுற்று சிறிது மின்சாரம் குடிக்கும். மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

மற்றொரு செய்தி. சார்ஜரை மாற்றிப் பயன்படுத்தாதீர்கள். 48 வோல்ட் என்றே இரண்டிலும் எழுதியிருக்கும். ஆனால் 13 லித்தியம் கலங்களைத் தொடராக இணைத்த பாட்டரிக்கு உச்சம் 54.6 வோல்ட், ஈய பாட்டரியின் சார்ஜரோ 57 வோல்ட்டுக்கு மேலும் போகும். மேலாண்மைச் சுற்று தடுக்கவேண்டும், அது பழுதாகியிருந்தால்?

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் மின்னேற்றிக்கொண்டிருந்த மின்வண்டி இரவில் தீப்பற்ற, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் மாண்டனர். அந்த ஆண்டின் இறுதியிலிருந்து பாட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகள் நம் நாட்டில் கடுமையாக்கப்பட்டன. கலத்தினுள் இரு முனைகளையும் பிரிக்கும் பிளாஸ்டிக் தாள் 130 டிகிரி அளவில் உருகிவிடும். பிறகு ஒரு கலத்தின் சூடு அடுத்த கலத்தைப் பற்றவைக்கும். சிலவகைக் கலங்களில் நேர்முனையே ஆக்சிஜனை வெளிவிடுவதால், மணலைக் கொட்டி மூடினாலும் எரியும். புகையும் நச்சு. ஆகவே படுக்கையறையிலோ, வெளியே போகும் ஒரே வழியிலோ, மாடிப்படிக்குக் கீழேயோ வண்டியை நிறுத்தி மின்னேற்ற வேண்டாம். செருகி தளர்ந்து சூடானால் அந்த மின்முனையை மாற்றுங்கள். பாட்டரி உப்பினாலோ, இனிப்பு கலந்த மருந்து வாடை வந்தாலோ, கீழே விழுந்து நசுங்கினாலோ மின்னேற்றாமல் திறந்தவெளிக்கு அகற்றிப் பழுதுபார்ப்பவரை அழையுங்கள். புகை கண்டால் பாட்டரியைத் தொடாமல் எல்லாரையும் வெளியேற்றிவிட்டு, 101 அல்லது 112க்குத் தகவல் சொல்லுங்கள்.